வெற்றிலை விலை ஏறினால் மேளம் கிளம்பும்! - கடத்தூர் பக்கத்து வாத்தியக்காரர்களின் ஒரு வருஷம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடத்தூருக்குள் நுழைந்தால் வெற்றிலை வாசனைதான் முதலில் வரவேற்கும். தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இருக்கும் சின்னப் பேரூராட்சி இது. தெற்கே பொம்மிடி ரயில் நிலையம், அதற்கும் அப்பால் சேர்வராயன் மலை. கிழக்கே அரூர் சாலை. நடுவில் மரவள்ளி, மஞ்சள், கரும்பு என்று வானத்தையும் கிணற்றையும் நம்பிய விவசாயம். ஞாயிறுதோறும் இங்கே கூடும் வெற்றிலைச் சந்தை அக்கம்பக்கத்தில் பிரசித்தம். சுற்றுவட்டாரக் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை கட்டுக்கட்டாக வந்து இறங்கும். வியாபாரிகள் மூட்டையாகப் பேசி வாங்கி வெளியூருக்கு ஏற்றுவார்கள்.

வெற்றிலை விலைக்கும் முகூர்த்தத்துக்கும் நெருங்கிய சொந்தம். தை பிறந்து கல்யாணங்கள் வரிசை கட்டும்போது விலை ஏறும். கோயில் திருவிழா வந்தால் ஏறும். ஆடியில் கல்யாணம் நின்றாலும் அம்மன் கோயில்கள் கைகொடுக்கும். புரட்டாசியில் சந்தையில் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

இதே ஏற்ற இறக்கத்தை வீட்டுச் சமையலறையில் பார்ப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. நாதஸ்வரம், தவில், பம்பை, பேண்டு செட் என்று ஊர் ஊராகப் போய் வாசித்துப் பிழைக்கும் வாத்தியக்காரர்கள். வெற்றிலை விலை ஏறுகிறது என்றால் அவர்கள் வீட்டு வாத்தியப் பெட்டி திறக்கப்போகிறது என்று அர்த்தம்.

தாம்பூலத்தில் தொடங்கும் ஒப்பந்தம்

இந்தத் தொழிலில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கல்யாண வீட்டுக்காரர் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாயோ நூறு ரூபாயோ, அதன்மேல் முன்பணம் வைத்து நீட்டுவார். மேளக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதுதான் அச்சாரம். வாங்கிய பிறகு அந்தத் தேதியை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டு மடங்கு தருகிறேன் என்று பெங்களூருவிலிருந்து போன் வந்தாலும் முடியாது. ஒருமுறை சொல் தவறினால் அந்த ஊரே அடுத்த முறை வேறு செட்டைத் தேடிவிடும்.

இப்போது வாட்ஸ்அப்பில் தேதி கேட்கிறார்கள், போனிலேயே முன்பணம் அனுப்புகிறார்கள். ஆனாலும் பழைய கைகள் சில, பணம் வந்த பிறகும் "ஒரு வெத்தல பாக்கு மட்டும் நேர்ல வெச்சுக் கொடுத்துடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். தட்டு கைக்கு வந்தால்தான் மனசுக்கு வேலை உறுதியாகும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டிதான் அலுவலகம். முகூர்த்த நாட்களில் பேனா வட்டம். வட்டத்துக்குள் ஊர்ப் பெயர்: அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர், ஓமலூர், ஓசூர். கணக்கை வைத்திருப்பது பெரும்பாலும் வீட்டு அம்மாதான். எந்த வீட்டில் பாக்கி இருக்கிறது, எந்த வீட்டில் சாப்பாடு மரியாதையாகப் போட்டார்கள் என்பது நாட்காட்டியில் இருக்காது. அது அவர் மனதில் இருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு சாதாரணக் கல்யாண மேளம் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. முன்பெல்லாம் சுருதிக்கு 'ஒத்து' ஊதவே தனியாக ஓர் ஆள் வருவார். மூச்சை விடாமல் ஒரே சுரத்தை மணிக்கணக்கில் பிடிப்பது அவர் வேலை. மின்சாரச் சுருதிப்பெட்டி வந்ததும் அந்த ஆளுக்கு வேலை போனது. பயணத்தில் ஒரு டிக்கெட் மிச்சம், ஒரு குடும்பத்துக்குச் சோறு நஷ்டம்.

நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை இதற்குப் பேர்போன ஊர். அங்கே தயாராகும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும், வருஷக்கணக்கில் காய்ந்த உத்தரக் கட்டைகளைத் தேடி வாங்கிக் கடைவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து யாரோ ஒருவர் வீட்டைத் தாங்கிய கட்டை, கடத்தூர்ப் பக்கத்தில் இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்தைத் தாங்குகிறது.

கருவியை விடப் பத்திரமாகப் பார்க்கப்படுவது 'சீவாளி'. வாயில் வைத்து ஊதும் சின்ன நாணல் துண்டு. ஒன்று கிழிந்தால் மாற்ற இன்னொன்று வேண்டும் என்பதால் நாலைந்து சீவாளிகள் நாதஸ்வரத்திலேயே நூலில் கட்டித் தொங்கும். பார்ப்பவர்கள் அதை அலங்காரக் குஞ்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தவிலின் உடல் பலா மரம். ஒரு பக்கம் கம்பால் அடிக்க வேண்டும், மறு பக்கம் விரல்களால். அந்த விரல்களில் மாட்டும் 'கூடு' துணியையும் பசையையும் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்தது. மழைக்காலப் பயணம் தவிலுக்கு ஆகாது. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். அதனால் மழையில் பஸ் ஏறும்போது தன் தலைக்கு இருக்கும் துண்டை எடுத்துத் தவிலுக்குப் போர்த்துகிறவர்களைப் பார்க்கலாம்.

பஸ்ஸும் டெம்போவும்

காலை நாலரை மணி முகூர்த்தம் என்றால் முந்தின நாள் மாலையே போய்ச் சேர வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிப்பு உண்டு. தொலைவு குறைவு என்றால் பஸ். ஒடசல்பட்டி கூட்ரோட்டிலோ பொம்மிடியிலோ மாறி ஏறுவார்கள். தவில் இரண்டும் டிரைவர் பக்கத்தில் என்ஜின் பெட்டியோரம் உட்கார்ந்துகொள்ளும். லக்கேஜ் டிக்கெட்டுக்காக கண்டக்டரோடு ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். "அண்ணே, எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிச்சீங்க" என்று யாராவது அடையாளம் கண்டுகொண்டால் வாக்குவாதம் அதோடு முடிந்துவிடும்.

பேண்டு செட்டுக்கு பஸ் சரிப்படாது. பெரிய டிரம்மையும் விளக்குகளையும் ஆட்களையும் ஏற்ற ஒரு வேன் அல்லது குட்டி டெம்போ. டீசல் விலை ஏறினால் முதல் அடி இங்கேதான். பேசிய தொகை பேசியதுதான். நடுவில் டீசல் ஏறியது என்று கல்யாண வீட்டில் போய்க் கேட்க முடியாது. மிச்சத்தைப் பங்கு போடும்போது ஆளுக்குக் கொஞ்சம் குறையும்.

இரவு நிகழ்ச்சி முடியப் பதினொன்று ஆகும். மண்டபத்தின் அறைகள் சம்பந்தி வீட்டாருக்கும் உறவுக்காரர்களுக்கும் போய்விடும். மேளக்காரர்களுக்கு மேடையின் பின்பக்கம், சமையல்கூடத்துக்கு வெளியே, சில இடங்களில் வண்டி நிறுத்தும் இடம். ஜமக்காளம் கையோடு வந்திருக்கும். கொசுவத்தி ஒன்று எரியும். மூன்றரை மணிக்கு யாராவது தட்டி எழுப்புவார்கள். குளித்து, திருநீறு பூசி, பட்டுக்கரை வேட்டி கட்டி மேடையேறும்போது நாலு மணி நேரம்கூடத் தூங்காதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பயணம் போகிற நாதஸ்வரக் குழு என்றதும் பலருக்கு 'தில்லானா மோகனாம்பாள்' ஞாபகம் வரும். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. 1968-ல் சினிமாவாக வந்தபோது சிவாஜியின் வாசிப்புக்கு உயிர் கொடுத்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். படத்தில் வரும் குழுவின் கோபமும் பாசமும் கிண்டலும் நிஜத்திலும் உண்டு. படத்தில் வராதது மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில், இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே தூங்கும் தாளக்காரர்.

ஒரு விரலசைவில் கெட்டி மேளம்

மேடையில் மேளக்காரரின் கண் எப்போதும் புரோகிதர் மேல் இருக்கும். ஊஞ்சலுக்கு ஒன்று, மாலை மாற்ற ஒன்று, நலங்குக்கு ஒன்று என்று ஒவ்வொரு சடங்குக்கும் தனித்தனி ராகம், பாட்டு. தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் நாதஸ்வரம் எந்த இடத்தில் இருந்தாலும் விட்டுவிட்டு வரத் தயாராக இருக்க வேண்டும். புரோகிதர் கையைத் தூக்கி விரலை அசைத்தால் கெட்டி மேளம். இரண்டு தவிலும் முழு வேகத்தில் ஒன்றாகப் பொழியும். அந்தச் சத்தத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்பது நம்பிக்கை.

ஒரு நொடி தாமதமானாலும் அந்த வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். சரியாக விழுந்தால் யாருக்கும் நினைவிருக்காது. கல்யாண வீடியோவில் தம்பதியின் முகத்துக்குப் பின்னால் அந்தச் சத்தம் மட்டும் இருக்கும்.

கடைசிப் பந்தியும் அதியமான் வாசலும்

முகூர்த்தம் முடிந்து வாழ்த்த வந்தவர்கள் பந்திக்குப் போவார்கள். மேளக்காரர்கள் வரவேற்புக் கூட்டம் குறையும் வரை வாசிக்க வேண்டும். அவர்கள் இலைக்கு வரும்போது வடை தீர்ந்திருக்கும், பாயசம் அடி தட்டியிருக்கும். "மொதல்ல மேளக்காரங்கள உக்கார வைங்கப்பா" என்று அதட்டும் ஒரு பெரியவர் இருக்கும் வீட்டை அவர்கள் வருஷக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள்.

அடுத்தது பாக்கிப் பணம். அச்சாரம் போக மீதி கையில் வர வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் காட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் மாமாவைக் காட்டுவார்கள். மாமா மண்டபக் கணக்கு பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த ஊருக்குப் பஸ் நேரம் ஆகிக்கொண்டிருக்கும்.

இந்தக் காத்திருப்பு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழி கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. பாணரும் விறலியரும் புலவரும் நடந்து நடந்து தேடி வந்த வள்ளல் அவன். அவ்வளவு பெரிய வள்ளலின் வாசலிலும் ஒருமுறை பரிசில் தாமதமாகியிருக்கிறது. ஒளவையாருக்குக் கோபம் வந்து வாயில்காவலனைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 206-வது பாட்டாக இருக்கிறது. கலை கையில் இருப்பவருக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும் என்பது அதன் சாரம். இரண்டு பாட்டு தள்ளி, 208-ல், பெருஞ்சித்திரனார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தன்னை நேரில் பார்க்காமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய பொருளை வாங்க மறுத்து, தான் வியாபாரம் பேச வந்தவன் இல்லை என்று அதியமானுக்கே சொல்லிவிடுகிறார்.

அரூரைத் தாண்டினால் வரும் செங்கம் பகுதியை ஆண்டவன் நன்னன். அவனைத் தேடிப் போகும் கூத்தர்களைப் பற்றியதுதான் 'மலைபடுகடாம்'. அவர்கள் முழவு, ஆகுளி, குழல், தூம்பு என்று அத்தனை வாத்தியங்களையும் பையில் போட்டுச் சுருக்கிக் கட்டித் தோளில் சுமந்து போகிறார்கள். மரத்தில் காய்த்துத் தொங்கும் பலாக்காய்க் கொத்தைப்போல அந்த மூட்டை இருந்ததாம். இன்றும் அதே வழியில், பலா மரத்தில் செய்த தவிலோடு, அரூர் பஸ் நிலையத்தில் ஒரு குழு டீ குடித்துக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்தால் பம்பை

ஆடியில் கல்யாணம் கிடையாது. நாதஸ்வரக்காரர்கள் சோர்ந்திருக்கும் அந்த மாதத்தில் இந்தப் பக்கத்துப் பம்பைக்காரர்களுக்குத் தூக்கமே இருக்காது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரத்தில் மாரியம்மனையும் குலதெய்வத்தையும் அழைக்கப் பம்பை வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டைப் பறை அது. ஒன்று மரத்தால் ஆனது, மற்றொன்று வெண்கலம். இடுப்பில் கட்டிக்கொண்டு அடித்தால் தெருவே அதிரும். கூடவே உடுக்கையும் கைச்சிலம்பும். குளக்கரையிலோ கிணற்றடியிலோ கரகம் ஜோடித்து, பூசாரி தலையில் ஏற்றும் வரை பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சாமி இறங்கத் தாமதமானால் ஊரார் பூசாரியைப் பார்க்க மாட்டார்கள், பம்பைக்காரரைப் பார்ப்பார்கள். "இன்னும் நல்லா அடிங்கப்பா!" என்று குரல் வரும்.

சாமி இறங்கியவர் முன்னால் நின்று, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிய வேண்டும். அதிகம் கூட்டினால் ஆடுகிறவர் மயங்கி விழுவார். சட்டென்று நிறுத்தினால் அடங்க மாட்டார். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் கிடையாது. அப்பாவின் பின்னால் சிலம்பு பிடித்துக்கொண்டு போன பையன் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான்.

தோளில் கிடந்த துண்டு

அம்மனை வரவழைப்பவர், தாலிக்கு முழங்குபவர் என்று பெருமையாகச் சொன்னாலும், மேளக்காரருக்கு ஊர் கொடுத்த இடம் நீண்ட காலம் திண்ணைக்கு வெளியேதான். வாசிப்பில் பல பிரிவுகள் சாதியாலும் பிரிக்கப்பட்டிருந்தன. சட்டை போடக் கூடாது, உட்கார்ந்து வாசிக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன.

சுயமரியாதை இயக்கம் வேகமாக வளர்ந்த காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நடந்தது இன்றும் பேசப்படுகிறது. கல்யாண ஊர்வலத்தில் வாசித்த மதுரை சிவக்கொழுந்து, வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். அதை எடுக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த பட்டுக்கோட்டை அழகிரி எடுக்கவே கூடாது என்று அவர் பக்கம் நின்றார். ஒரு துண்டுக்காகப் பெரிய தகராறே நடந்தது.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898 - 1956) வாசிப்பாலும் மிடுக்காலும் அந்த விதிகளை உடைத்தார். பட்டு ஜிப்பா, கிராப்பு, மேடை என்று கச்சேரி வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்தார். இன்று ஒரு கிராமத்து மேளக்காரர் மேடையில் ஜிப்பா போட்டு உட்கார்ந்து வாசிக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் இவர்களும் இருக்கிறார்கள்.

சேலத்தைத் தாண்டி ராசிபுரம் பக்கம் போனால் நாமகிரிப்பேட்டை. அந்தச் சின்ன ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து உலகமெல்லாம் கொண்டுபோனவர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924 - 2001). 1981-ல் பத்மஸ்ரீ. காவிரி டெல்டாவில் பிறந்தால்தான் நாதஸ்வரம் வரும் என்று நினைத்திருந்த காலத்தில், சேலம் வட்டாரத்துப் பையன்களுக்கு அவர் ஒரு தைரியம். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பதிவு செய்த நாதஸ்வரம் கேசட்டாக வந்ததும், "கேசட் போட்டுக்கலாம், மேளம் எதுக்கு?" என்று கேட்கும் வீடுகளும் வந்துவிட்டன.

வெள்ளைக்காரன் விட்டுப்போன டிரம்

சிவப்புக் கோட்டும் தங்க நிறப் பின்னலுமாக வரும் பேண்டு செட்டின் கதை வேறு. கம்பெனிப் படைகளோடு வந்த இசை அது. முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835) அந்த பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். 'நோட்டு ஸ்வரம்' என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லித்தருவது அதைத்தான். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனைக்கே ஒரு மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார்.

பேண்டோடு வந்த கிளாரினெட் கர்நாடக சங்கீத மேடைக்கே ஏறியது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் ராகம் வாசித்துப் பேர் வாங்கினார். 2022-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. கிராமத்து பேண்டு செட்டில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் வாசிப்பவர்களுக்கு அப்படிப்பட்ட மேடை இல்லை. ஊர்வலம்தான் அவர்கள் மேடை. கல்யாணத்துக்கு ஊதிய அதே டிரம்பெட் மறுநாள் ஒரு சாவு வீட்டிலும் ஊதும். அங்கே சோகப் பாட்டு, இங்கே குத்துப் பாட்டு. இரண்டு வீட்டிலும் நெஞ்சு நிறையக் காற்று வேண்டும்.

ஓசூர், பெங்களூரு பக்கம் போனால் கன்னடப் பாட்டு கேட்பார்கள், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு. மூன்று மொழி எல்லையில் இருக்கும் வாத்தியக்காரருக்கு மூன்று மொழிப் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். நேற்று வந்த சினிமாப் பாட்டை இன்று காலை பஸ்ஸில் போனில் கேட்டு, மாலையில் ஊர்வலத்தில் ஊதுவார்கள்.

வந்து நிற்கும் போட்டி

இப்போது கல்யாண வீடுகளில் முதலில் கேட்பது கேரளத்துச் சண்ட மேளம். வரிசையாகப் பத்து பேர் நின்று அடித்தால் வீடியோவில் அழகாக வரும். அடுத்தது டிஜே. ஒரு லேப்டாப், நாலு பெரிய ஸ்பீக்கர், ஒரே ஆள். அவருக்குச் சீவாளி கிழியாது, உதடு வெடிக்காது, மழையில் தோல் தளராது.

மேளக்காரர்கள் சும்மா இல்லை. நாதஸ்வரத்தோடு கீபோர்டு சேர்த்தவர்கள் உண்டு. பம்பையோடு டிரம்பெட்டைக் கலந்தவர்கள் உண்டு. திருவிழா வீடியோவை யூடியூபில் போட்டு அதில் போன் நம்பர் கொடுத்து வெளி மாவட்ட வாய்ப்பு பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் ஸ்பீக்கரோடு சத்தத்தில் போட்டி போடத் தொடங்கியதில் காது போகிறது. வருஷக்கணக்கில் தவிலுக்கு அருகில் உட்கார்ந்தவருக்கு மெதுவாகப் பேசினால் கேட்காது. வீட்டில் பேரன் பேசுவதும் கேட்காது. நாதஸ்வரக்காரருக்குப் பயம் பல்மேல். முன்பல் இரண்டு விழுந்தால் சீவாளி நிற்காது, தொழிலும் நிற்காது.

வட்டமில்லாத நாட்காட்டி

2020 மார்ச் 25. பங்குனி மாதம். திருவிழாக்களுக்கும் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கும் வெற்றிலை பாக்கு வாங்கி வைத்திருந்த நேரம். நாடு முழுவதும் ஊரடங்கு. கோயில் கதவுகள் சாத்தப்பட்டன. கல்யாணங்கள் வீட்டுக்குள் இருபது, முப்பது பேரோடு, மேளம் இல்லாமல் முடிந்தன. ஒரு வருஷத்துக்கான வருமானம் வரும் மாதங்கள் அப்படியே போயின. அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடியும் ஊரடங்கு.

வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அது எப்போதோ அரிசியாகவும் பள்ளிக்கூடப் பணமாகவும் மாறியிருந்தது. வாத்தியத்தை அடகு வைத்தவர்கள், செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. தவில் வாசித்த விரலில் சிமென்ட் ஏறினால் மறுபடி பதம் வர மாதங்கள் ஆகும்.

அந்த நேரத்தில் பலருக்குத் தெரிந்தது ஒரு அடையாள அட்டையின் மதிப்பு. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு அதில் உதவி உண்டு. ஊரடங்கு நிவாரணமும் பதிவு செய்தவர்களுக்குத்தான் வந்தது. "அட்டையெல்லாம் எதுக்கு, கை இருக்கு" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பதிவு செய்ய விண்ணப்பத்தைத் தேடினார்கள். வயதாகி நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாத உதவித்தொகையும் உண்டு. இதெல்லாம் தெரியாமல் இன்னும் கிராமங்களில் இருப்பவர்கள் பலர்.

பையன் என்ன செய்வான்?

மேளக்காரர் வீட்டில் அதிகம் பேசப்படுவதும், பேசாமல் தவிர்க்கப்படுவதும் இந்தக் கேள்விதான்.

படித்து பெங்களூருவிலோ ஓசூரிலோ ஒரு கம்பெனியில் சேர்ந்தால் மாதம் பிறந்தால் சம்பளம் வரும். புரட்டாசிக்கும் வரும், மார்கழிக்கும் வரும். பந்தியில் முதலிலேயே உட்காரலாம். கல்யாணத்துக்குப் பெண் தேடும்போது "பையன் என்ன பண்றான்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். அதனால் பல அப்பாக்கள் பெட்டியைப் பையன் கைக்கு எட்டாத இடத்தில்தான் வைக்கிறார்கள்.

வேறு சிலர் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சேலம், கிருஷ்ணகிரி போன்ற இடங்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நாதஸ்வரம், தவில் உட்பட ஏழு பாடங்கள், மூன்று ஆண்டு படிப்பு. அப்பா காதால் கற்றதைப் பிள்ளை சான்றிதழோடு கற்கலாம். கோயில் பணிக்கும் ஆசிரியர் வேலைக்கும் அது உதவும். முக்கியமாக, வாசிப்பது குலத்தொழில் என்ற பேச்சு மாறி, படித்த படிப்பு என்று ஆகிறது. எந்த வீட்டுப் பிள்ளையும் சேரலாம், பெண் பிள்ளைகளும் சேரலாம்.

வாரநாளில் கம்பெனி, ஞாயிறு முகூர்த்தத்தில் தவில் என்று இரண்டையும் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு ஓசூரில் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து, நேராக மண்டபத்தில் வந்து இறங்குவார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு தவிலை அவன் பக்கம் தள்ளி வைப்பார். விரலில் கூடு மாட்டிக்கொள்ளும்போது, மெஷின் எண்ணெய்க் கறை நகத்தில் இன்னும் போயிருக்காது.

அன்று காலை புரோகிதர் விரலை அசைத்ததும் இரண்டு தவிலும் சேர்ந்துதான் முழங்கும்.

முகூர்த்தம் முடிந்து ஊர் திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை கடத்தூர்ச் சந்தை முடிகிற நேரமாக இருக்கும். தரையில் கிழிந்த இலைகளும் வாழைமட்டையும் மட்டும் கிடக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுமைக்காரரிடம் முதலில் கேட்பது இதுதான்:

"இன்னிக்கு வெத்தல என்ன வெல போச்சு?"

"ஏறிடுச்சுங்கண்ணா!"

தவிலைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். வீட்டம்மா நாட்காட்டியையும் பேனாவையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பார்.